ஏன் விட்டாய்? யார் விட்டது?

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கத்தோலிக்க வழிபாட்டு நாட்காட்டியில் அன்று திருக்குடும்பத் திருவிழா. நம் நேரப்படி காலை ஆறரை மணிக்குச் சுமத்ரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. இரண்டு மணி நேரம் கழித்து, வடசென்னையில் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கடல் ஊருக்குள் வந்தது. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல்.

2023 டிசம்பர் 26 செவ்வாய்க்கிழமை. மறுபடியும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள். முதல் மறைசாட்சியான ஸ்தேவானின் நினைவு நாள். இரவு பதினொன்றே முக்கால் மணியளவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் விழித்துக்கொண்டார்கள். கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், மிக்ஜாம் புயல் மழையோடு மணலி பக்கமிருந்து வந்த எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் படர்ந்திருந்தது. அதை மீனவர்கள் பக்கெட்டும் குவளையும் வைத்துக் கையால் அள்ளினார்கள்.

ஒரே தேதி, ஒரே கரை. கேள்விகள் மட்டும் இரண்டு. முதல் டிசம்பர் 26இல் எழுந்த கேள்வி மேலே பார்த்துக் கேட்கப்பட்டது: ஏன் விட்டாய்? இரண்டாவதில் எழுந்தது பக்கத்தில் பார்த்துக் கேட்கப்பட்டது: யார் விட்டது? தமிழில் ‘விடு’ என்ற ஒரே வினைச்சொல் அனுமதிப்பதற்கும் ஆகிறது, வாயுவைத் திறந்துவிடுவதற்கும் ஆகிறது. இறையியல் பாடநூல்களோ இவ்விரண்டையும் தனித்தனி அத்தியாயங்களில் பூட்டி வைத்திருக்கின்றன. நிலநடுக்கம், நோய், புயல் போன்றவை ‘இயற்கைத் தீமை’. கொலை, சுரண்டல், கவனக்குறைவு போன்றவை ‘அறத் தீமை’. வடசென்னைக் கரையில் நின்று பார்த்தால் இந்தப் பிரிவினையில் ஓட்டை தெரிகிறது. அதைவிட முக்கியமான ஒன்றும் தெரிகிறது. இரண்டு கேள்விகளில் ஒன்றைக் காட்டி மற்றொன்றை வாயடைக்கும் பழக்கம் நம்மிடம் ஊறிக்கிடக்கிறது. பிரசங்க மேடையும் அதைச் செய்கிறது, போராட்ட மேடையும் செய்கிறது.

முதலில் பழைய வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1955இல் ஆஸ்திரேலியத் தத்துவவாதி ஜே. எல். மேக்கி ஒரு வாதத்தைக் கூர்மையாக வைத்தார். கடவுள் எல்லாம் வல்லவர், கடவுள் முழுக்க நல்லவர், தீமை இருக்கிறது. இந்த மூன்றையும் ஒருவர் சேர்த்து நம்ப முடியாது, எதையாவது ஒன்றைக் கைவிட வேண்டும். அமெரிக்கரான ஆல்வின் பிளாண்டிங்கா 1974இல் வெளியிட்ட நூல்களில் இதற்குப் பதில் சொன்னார். சுதந்திரமுள்ள மனிதரைப் படைப்பதென்றால், அவர்கள் தவறு செய்யும் வாய்ப்பையும் சேர்த்தே படைக்க வேண்டும்; ஆகவே மூன்று கூற்றுகளுக்கும் இடையில் தர்க்க முரண் இல்லை. பெரும்பாலான தத்துவவாதிகள் அந்த அளவில் அவருக்கு வெற்றி கொடுத்துவிட்டார்கள். ஆனால் சுனாமியில் யாருடைய சுதந்திரம் இருக்கிறது? பிளாண்டிங்கா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்: இயற்கைப் பேரழிவுகள் மனிதரல்லாத, வழிதவறிய ஆவிகளின் சுதந்திரச் செயலாக இருக்கக்கூடும். அப்படித்தான் நடக்கிறது என்று அவர் சொல்லவில்லை, அப்படி இருப்பது சாத்தியம் என்றுதான் சொன்னார். தர்க்கத்துக்கு அது போதும். காசிமேட்டில் பிணத்தைத் தேடிக்கொண்டிருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள், எதற்குப் போதும் என்று தெரியும்.

இந்த வழக்கை நாம் மேற்கிலிருந்து கடன் வாங்க வேண்டியதும் இல்லை. ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்க, இன்னொரு வீட்டில் மணமுழவு ஒலிக்கக் கேட்ட பக்குடுக்கை நன்கணியார் புறநானூற்றின் 194ஆம் பாட்டில் ‘படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்’ என்றார். படைத்தவனுக்குப் பண்பில்லை என்று இத்தனை நேராகச் சொன்னவர்கள் உலக இலக்கியத்தில் அதிகம் இருக்க மாட்டார்கள். வள்ளுவர் இன்னும் ஒரு படி போனார். பிச்சையெடுத்துத்தான் உயிர்வாழ வேண்டும் என்றால் ‘பரந்து கெடுக உலகியற்றி யான்’. இந்தக் குறளை நான் பலகாலம் வெறும் கோபமாகத்தான் படித்தேன். பசி மனிதர் செய்த ஏற்பாட்டால் வருவது. பாடநூலின்படி அது அறத் தீமை. அதற்கு எதற்குப் படைத்தவன் சபிக்கப்பட வேண்டும்? இப்போது அந்த இடறல்தான் குறளின் அறிவு என்று படுகிறது. மனிதன் செய்த அநியாயத்துக்கும் கடவுளே பதில் சொல் என்று கேட்பது, மனிதனை விட்டுவிடுவதாக ஆகாது.

ஐரோப்பாவில் இந்தப் பிரிவினை முதன்முதலில் பெரிதாக ஆட்டம் கண்டது 1755 நவம்பர் 1இல், லிஸ்பனில். அனைத்துப் புனிதர் திருநாள். கோயில்கள் நிறைந்திருந்த நேரத்தில் நிலநடுக்கம், அதன்பின் கடல், அதன்பின் தீ. பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேர் கவிதை எழுதி, உலகம் நல்லபடியாகவே அமைந்திருக்கிறது என்ற அக்காலத் தத்துவத்தைக் கேலி செய்தார். மறு ஆண்டு ரூசோ என்ற மற்றொரு சிந்தனையாளர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆறேழு மாடி உயரமுள்ள இருபதாயிரம் வீடுகளை அங்கே நெருக்கமாகக் கட்டியது இயற்கை அல்லவே என்று கேட்டார். பேரிடர் பற்றிய இன்றைய சமூகவியல் முழுவதற்கும் அந்த ஒரு வரி விதை. நிலம் அதிர்வது இயற்கை. அதிரும்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை வேறு யாரோ எப்போதோ முடிவு செய்திருக்கிறார்கள்.

நம் ஊருக்கு இது எப்படிப் பொருந்துகிறது என்பதற்கு ராயபுரத்துக் கரையைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. அங்கே புனித இராயப்பர் ஆலயம் இருக்கிறது. இராயப்பர் என்பது பேதுருவுக்குக் கத்தோலிக்கர் வழங்கிய பழைய தமிழ்ப் பெயர். ஊரின் பெயரே அவரிடமிருந்து வந்தது என்று சொல்வார்கள். மீனவரான புனிதருக்கு, கடலோடு பிழைத்தவர்கள் எழுப்பிய கோயில். அதற்குத் தெற்கே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், மெட்ராஸ் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டன. சோழமண்டலக் கரையில் மணல் ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கும். மொத்தக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே. சுவர் குறுக்கே நின்றதும் மணல் தெற்கே தங்கிவிட்டது. அப்படித் தங்கிய மணல்தான் நாம் சுண்டல் சாப்பிடும் மெரினா. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை, அலை மட்டும் வந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் தெருக்களையும் வீடுகளையும் மெதுவாகத் தின்றது. கல் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கல்சுவரான தூண்டில் வளைவு போட்டார்கள். ஒரு குப்பத்தைக் காப்பாற்றும் கல் அரிப்பை அடுத்த குப்பத்துக்குத் தள்ளிவிடும்.

வீடு கடலில் விழுந்த ஒருவருக்கு நேர்ந்தது இயற்கைத் தீமையா, அறத் தீமையா? அலைக்கு எண்ணம் இல்லை. துறைமுகம் கட்டிய பொறியாளருக்குத் தீய எண்ணம் இருந்ததாகச் சொல்ல முடியாது. மெரினாவில் காற்று வாங்குபவருக்கு இதில் பங்கு இருப்பதே தெரியாது. நூற்றைம்பது ஆண்டுகளாக ஒரு பக்கம் வாங்குகிறது, மற்றொரு பக்கம் இழக்கிறது. குற்றவாளிக் கூண்டில் நிறுத்த ஆள் கிடைப்பதில்லை.

இப்படிப்பட்ட தீமைக்கு இறையியல் ஒரு பெயர் தேடியது. 1968இல் கொலம்பியாவின் மெடலின் நகரில் கூடிய லத்தீன் அமெரிக்க ஆயர்கள், அநீதியே ஒரு ‘பாவ நிலை’யாக இறுகிக் கிடப்பதைப் பற்றிப் பேசினார்கள். பாவம் தனி மனிதரின் நெஞ்சில் மட்டும் இல்லை. சட்டத்திலும் சந்தையிலும் நிலப்பட்டாவிலும் அது குடியிருக்கும். போப் இரண்டாம் ஜான் பால் 1984இலும் 1987இலும் வெளியிட்ட மடல்களில் இந்தச் சிந்தனையை ஓரளவு ஏற்றார், கூடவே ஒரு கடிவாளமும் போட்டார். ‘பாவக் கட்டமைப்புகள்’ உண்டு. ஆனால் ஒவ்வொரு கட்டமைப்பின் வேரிலும் தனி மனிதர்களின் பாவங்கள் இருக்கின்றன. தீமையால் லாபம் அடைந்தவர், தடுக்கக்கூடிய இடத்தில் இருந்தும் தடுக்காதவர், பயந்து ஒதுங்கியவர் எல்லாரும் அதில் அடக்கம். 2015இல் போப் பிரான்சிஸ் சுற்றுச்சூழல் பற்றிய சுற்றுமடலில் பூமியின் அழுகையும் ஏழைகளின் அழுகையும் ஒன்றாகக் கேட்கப்பட வேண்டும் என்றார். எண்ணூரில் உள்ளவர்களுக்கு அது விளக்கம் தேவைப்படாத வாக்கியம்.

தத்துவத்தின் பக்கமிருந்து ஆங்கிலேயரான டெரெக் பார்ஃபிட் 1984இல் ஒரு விசித்திரமான கற்பனையை முன்வைத்தார். ஆயிரம் பேர் சேர்ந்து ஆயிரம் பேரைத் துன்புறுத்துகிறார்கள். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கைதிக்கும் கொடுக்கும் வேதனை, கைதியாலேயே உணர முடியாத அளவு சிறியது. ‘நான் செய்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை’ என்று ஒவ்வொருவரும் உண்மையாகவே சொல்லலாம். கைதிகளோ தாங்க முடியாத வலியில் துடிக்கிறார்கள். பார்ஃபிட் காட்ட விரும்பியது, விளைவைத் தனித்தனியாகக் கூறுபோட்டுக் கணக்கிடும் பழக்கமே ஒழுக்கக் கணிதத்தில் தவறு என்பது. மணலி, எண்ணூர் புகைபோக்கிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கற்பனை ஞாபகம் வருகிறது. ஒவ்வொன்றும் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். நெஞ்சுக்கூட்டுக்குள் போவது கூட்டுத்தொகைதான்.

‘கட்டமைப்பு’ என்ற சொல்லின் மேல் எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு, அதைச் சொல்லிவிட வேண்டும். சிலருடைய வாயில் அது புகைத்திரை ஆகிவிடுகிறது. ‘நாம் எல்லாருமே பாவிகள்’ என்ற மறையுரையும் ‘அமைப்பே அப்படித்தான்’ என்ற கருத்தரங்க உரையும் வெவ்வேறு மொழியில் ஒரே வேலையைச் செய்கின்றன. குழாயைப் பராமரிக்கக் கடமைப்பட்டவரும், எரிவாயு அடுப்பைப் பற்றவைத்த பாட்டியும் ஒரே வரிசையில் நிற்க வைக்கப்படுகிறார்கள். அமெரிக்கத் தத்துவவாதி ஐரிஸ் மேரியன் யங் இங்கே ஒரு பயனுள்ள கோடு கிழித்தார். குற்றம் வேறு, பொறுப்பு வேறு. குற்றம் பின்னோக்கிப் பார்க்கிறது; இதைச் செய்தவர் இன்னார் என்று சுட்டுகிறது, சுட்டத்தான் வேண்டும். பொறுப்பு முன்னோக்கிப் பார்க்கிறது. இந்த ஏற்பாட்டில் பங்கெடுத்துப் பலன் பெறும் எல்லாரும் அதை மாற்றச் சேர்ந்து உழைக்க வேண்டும் என்கிறது. தென்சென்னை வீட்டில் எரியும் விளக்குக்கு அத்திப்பட்டிலோ வல்லூரிலோ நிலக்கரி எரிந்திருக்கலாம். நகரத்துக் குப்பையில் ஒரு பெரும்பங்கு கொடுங்கையூரில் வந்து விழுகிறது. மின்விளக்கைப் போட்டவர் குற்றவாளி இல்லை. அவருக்குப் பொறுப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இதில் ஒரு சொல்வழிச் செல்வம் உண்டு. ‘பாவம்’ என்று நாம் குற்றத்தையும் சொல்கிறோம், குற்றத்துக்கு ஆளானவரையும் சொல்கிறோம். ‘பாவம் செய்தான்’ என்பதும் ‘பாவம், எண்ணெயை வெறுங்கையால் அள்ளுகிறார்கள்’ என்பதும் ஒரே சொல். சபைகளில் முதல் பொருள்தான் ஆயிரம் முறை ஒலிக்கிறது. பாவ அறிக்கை உண்டு, பாவமன்னிப்பு உண்டு. ‘ஐயோ பாவம்’ என்பவருக்கான வழிபாடு எங்கே? கொரிய இறையியலாளர் ஆண்ட்ரூ சங் பார்க் 1990களில் இதைத்தான் கேட்டார். கிறிஸ்தவ இறையியல் தவறு செய்தவரின் மீட்பைப் பற்றியே பேசியிருக்கிறது, தவறுக்கு ஆளானவரின் ஆறாத காயத்துக்கு அதனிடம் சொல்லே இல்லை என்றார். கொரிய மொழியில் அந்தக் காயத்துக்கு ‘ஹான்’ என்று பெயர். நம்மிடம் சொல் ஏற்கெனவே இருக்கிறது. பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

மன்னிப்பு என்ற விஷயமும் இங்கேதான் சிக்கலாகிறது. எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு அரசு மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாயும் பாதிக்கப்பட்ட மற்றக் குடும்பங்களுக்கு 7,500 ரூபாயும் அறிவித்தது. ‘மன்னித்துவிடுங்கள், மன்னிப்பதே கிறிஸ்தவம்’ என்று இந்தத் தொகையோடு சேர்த்து யாராவது உபதேசித்தால், அவர் சகேயுவின் கதையைப் பாதியோடு நிறுத்தியவராகத்தான் இருக்க வேண்டும். வரி வசூலித்த சகேயு ஏமாற்றியதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுப்பதாகச் சொன்ன பிறகுதான் அவன் வீட்டுக்கு மீட்பு வந்ததென்று லூக்கா எழுதுகிறார். கத்தோலிக்க அறநெறியில் ஈடுசெய்தல் என்பது மனமாற்றத்தின் பகுதியாகவே இருந்துவருகிறது. ஒரு நிறுவனம் மனந்திரும்ப முடியுமா, அதற்கு நெஞ்சு உண்டா என்பது தத்துவவாதிகள் இன்றும் வாதிடும் கேள்வி. ஈடுசெய்ய அதற்கு வங்கிக் கணக்கு உண்டு என்பதில் வாதம் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ‘யார் விட்டது’ என்ற கேள்வியின் பக்கம். இத்துடன் நிறுத்திக்கொள்ளும் ஆசை படித்தவர்களுக்கு அதிகம். எல்லாத் துன்பத்தையும் அரசியலாகப் பெயர்த்துவிட்டால் கடவுளைப் பற்றிய சங்கடமான பேச்சு மிச்சமாகிறது. ஆனால் 2004 அதற்கு இடம் தருவதில்லை. முன்னெச்சரிக்கை அமைப்பு இந்தியப் பெருங்கடலில் இல்லாதது மனிதத் தவறு. குப்பங்கள் கடலோரத்தில் நெருக்கப்பட்டது மனித ஏற்பாடு. நாகப்பட்டினம் பகுதி முகாம்களில் நிவாரணத்திலும் சாதி பார்க்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. அது மனிதக் கேவலம். இவை அத்தனையையும் கழித்த பிறகும், கையிலிருந்து நழுவிய குழந்தை மீதி நிற்கிறது.

அந்த மீதிக்குச் சொல்லப்பட்ட பதில்களில் எனக்குக் கௌரவமானவையாகத் தோன்றுபவை சிலவே. ஆங்கிலேய இறையியலாளர் ஜான் ஹிக் 1966இல், உலகம் இன்ப மாளிகையாக இல்லாமல் ஆன்மாக்களைப் பண்படுத்தும் பட்டறையாக இருக்கிறது என்று வாதிட்டார். துன்பமில்லாத உலகில் துணிவும் இரக்கமும் வளராது. தத்துவவாதி ரிச்சர்ட் ஸ்வின்பர்ன் இதையே இன்னும் நுட்பமாக வளர்த்தார். சரி, தழும்பேறிய மனிதர்கள் பண்பட்டிருப்பதை நாமே பார்த்திருக்கிறோம். ஆனால் செத்த குழந்தையின் ஆன்மா எங்கே பண்பட்டது? அதன் சாவு இன்னொருவர் இரக்கம் கற்பதற்கான பாடக்கருவி என்றால், அந்தப் பள்ளிக்கூடத்தை இழுத்து மூட வேண்டும். அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ரோ 1979இல், காட்டுத்தீயில் யாரும் காணாமல் நாட்கணக்கில் துடித்துச் சாகும் ஒரு மான்குட்டியைக் காட்டி இதே இடத்தைத் தொட்டார். யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்காத துன்பம் அது.

மேரிலின் மெக்கார்ட் ஆடம்ஸ் என்ற இறையியலாளர், ஆங்கிலிக்கன் குருவும்கூட, வேறு விதமாகக் கேட்டார். உலகம் மொத்தமாக நன்றாக இருக்கிறதா என்பது கேள்வி அல்ல. வாழ்க்கையே அர்த்தமற்றுப் போகும் அளவுக்குக் கொடுமைக்கு ஆளான அந்த ஒருவருக்கு, அவருடைய சொந்த வாழ்க்கையிலேயே, கடவுள் நல்லவராக இருக்க முடியுமா? கூட்டல் கழித்தலை அவர் ஏற்கவில்லை. ஒருவருக்கு நேர்ந்ததை வேறொருவருக்குக் கிடைத்த நன்மையைக் காட்டி நேர் செய்ய முடியாது.

இந்தக் கூட்டல் கழித்தல் நம் சபைகளில் ‘சாட்சி’ என்ற பெயரில் உலவுகிறது. ‘அன்று காலை எனக்குக் காய்ச்சல், கடற்கரைக்குப் போகவில்லை, கர்த்தர் காப்பாற்றினார்’ என்று ஒருவர் மைக்கைப் பிடித்துச் சொல்லும்போது, மூன்றாவது வரிசையில் காய்ச்சல் வராத பிள்ளையின் தாய் உட்கார்ந்திருக்கிறாள். வேளாங்கண்ணியில் கோயிலுக்குள் தண்ணீர் புகவில்லை என்பதை அற்புதமாகச் சொன்னவர்கள் உண்டு; அதே காலையில் அதே ஊரின் கடற்கரையில் இறந்த யாத்திரிகர்கள் பலர். சாந்தோமில் இயேசுவின் சீடர் தோமையார் நட்ட கம்பம் அலையை நிறுத்தியது என்றும் கேட்டிருக்கிறோம். நன்றி சொல்பவரின் உள்ளத்தை நான் குறை சொல்லவில்லை. பிழைத்தவனுக்கு நன்றி தானாகச் சுரக்கும். ஆனால் நன்றியை விளக்கமாக மாற்றும் கணத்தில், கடவுள் சிலரைப் பொறுக்கியெடுத்தவராகவும் மற்றவரை விட்டவராகவும் ஆகிறார். பிறகு அடுத்த படி எளிது: விடப்பட்டவர்கள் என்ன பாவம் செய்தார்களோ? சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் எருசலேமில் மற்றெல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று பதிலும் சொன்னார். அந்தப் பகுதி நம் பிரசங்கங்களில் அபூர்வமாகவே எடுக்கப்படுகிறது. நோயும் வறுமையும் விசுவாசக் குறைவால் வருகின்றன என்று போதிக்கும் இடங்களில் எடுக்கவே முடியாது.

சுனாமிக்குப் பின் ஒரு வாரத்தில், 2005 ஜனவரி 2இல், ஆங்கிலிக்கன் திருச்சபையின் தலைமைக் குருவான அன்றைய கேன்டர்பரி பேராயர் ரோவன் வில்லியம்ஸ் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். இத்தகைய துன்பத்தை விடும் கடவுளை எப்படி நம்புவது என்ற கேள்வி எழாமல் இருந்தால்தான் தவறு என்று அதில் சொன்னார். பலருக்கு அது அதிர்ச்சி. விவிலியத்தில், குற்றமின்றியே எல்லாம் இழந்த யோபுவின் புத்தகம் படித்தவர்களுக்கு அதிர்ச்சிக்கு அதில் ஒன்றுமில்லை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல இறையியலாளர்கள். பிறகு விளக்கத் தொடங்கினார்கள். கடைசியில் கடவுள், தம்மைக் குற்றஞ்சாட்டிய யோபுவே சரியாகப் பேசினான், தமக்காக வாதாடிய நீங்கள் பேசவில்லை என்று அவர்களைக் கண்டிக்கிறார்.

விளக்கத்துக்குப் பதிலாக உடனிருப்பை வைத்த இறையியல் ஒன்று ஐரோப்பாவில் போரின் சாம்பலிலிருந்து வந்தது. 1943 ஜூலையில் ஹாம்பர்க் குண்டுவீச்சில் பதினேழு வயது யூர்கன் மோல்ட்மன் பிழைத்தார். பக்கத்தில் நின்ற நண்பன் சிதறிப்போனான். ‘கடவுளே, நீ எங்கே?’ என்ற அன்றைய கேள்வியிலிருந்து 1972இல் அவர் எழுதியது, சிலுவையில் அறையப்பட்ட கடவுளைப் பற்றிய நூல். கடவுள் துன்பத்துக்கு அப்பாற்பட்டவர் என்ற தொன்மையான கோட்பாட்டை அது உடைத்தது. மகன் கைவிடப்பட்டபோது தந்தையும் துன்புற்றார். 1981இல் இந்திய இறையியலாளர் அரவிந்த் நிர்மல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் ஆற்றிய உரை தலித் இறையியலுக்குத் தொடக்கமாக அமைந்தது. பின்னர் அவர் சென்னை கீழ்ப்பாக்கம் குருகுல் கல்லூரியில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். ஒதுக்கப்பட்டவரோடு நிற்பவர் மட்டுமல்ல கடவுள், ஒதுக்கப்பட்டவராகவே இருப்பவர் என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

இதற்கு எதிர்ப்பும் வலுவானது. நான் விழுந்து கிடக்கும் அதே குழியில் கடவுளும் விழுந்து கிடந்தால் நான் வெளியே வருவது எப்படி என்று கத்தோலிக்க இறையியலாளர் கார்ல் ரானர் கேட்டார். காசிமேட்டுக் கணக்கில் சொன்னால், மூழ்குகிறவனோடு சேர்ந்து மூழ்குபவர் துணைதான், ஆனால் கயிறு வீசுபவர் வேண்டும். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. என் சாய்வு மோல்ட்மன் பக்கம். காரணம் தத்துவமன்று. இழவு வீட்டில் ‘அவருக்கும் வலிக்கிறது’ என்று சொல்லலாம், ‘அவருக்கு வலியே கிடையாது’ என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது.

இழவு வீட்டைப் பற்றிப் பேசும்போது ஒப்பாரியைத் தவிர்க்க முடியாது. பழைய ஏற்பாட்டு அறிஞர் வால்டர் புருகமன் 1986இல் எழுதிய ஒரு கட்டுரையில், திருச்சபை புலம்பலைத் தொலைத்துவிட்டதற்குக் கொடுத்த விலை பெரிது என்றார். சங்கீதங்கள் என்றும் வழங்கும் திருப்பாடல்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முறையீடுகள். 88ஆவது சங்கீதம் நம்பிக்கையின் ஒரு கீற்றும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. புலம்பல் போய்விட்டால், அநீதி பற்றிக் கடவுளிடம் கேட்கும் வாய் போய்விடுகிறது. கடவுளிடம் கேட்க வாய் வராதவர்கள் அதிகாரிகளிடமும் கேட்க மாட்டார்கள். இரண்டு கேள்விகளும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்னவரை நான் படித்ததில்லை.

வடசென்னையில் அந்தத் தொண்டை இன்னும் கெட்டுப்போகவில்லை. கண்ணில்லாத கடவுளே என்று திட்டி, செத்தவரைப் புகழ்ந்து, கொன்றவரைச் சபித்து, மாமியார் செய்த கொடுமையையும் இடையில் சொல்லிக்கொள்ளும் ஒப்பாரி ஒரு பக்கம். விடியவிடியச் சாவு வீட்டு வாசலில் ஒலிக்கும் மரண கானா இன்னொரு பக்கம். ஆனால் கிறிஸ்தவ வீடுகளில் போதகரோ பங்குத்தந்தையோ வந்ததும் இவை அடங்கிவிடும். ஜெபமாலையோ கீர்த்தனையோ தொடங்கும். பறையை வெளியே நிறுத்தியதில் சாதியும் இருந்தது என்பதை மறைக்க வேண்டாம். ஒப்பாரி விசுவாசமற்றவர்களின் வழக்கம், நமக்கு உயிர்த்தெழுதலின் நம்பிக்கை உண்டு என்று காரணம் சொல்லப்படும். அப்படியானால் 88ஆவது சங்கீதத்தை என்ன செய்வது, கல்லறையின் முன் கண்ணீர் விட்ட இயேசுவை என்ன செய்வது என்று பதிலுக்குக் கேட்பவர்கள் இறையியல் கல்லூரிகளில் இருக்கிறார்கள். சபைகளுக்கு அந்தக் கேள்வி இன்னும் வந்து சேரவில்லை.

பெரியகுப்பத்தில் அம்மோனியாவுக்குப் பிறகு பெண்கள் பந்தல் போட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மாரியம்மனைக் கும்பிடுபவர்களும் மாதாவைக் கும்பிடுபவர்களும் உண்டு. ஆலை மூடப்பட வேண்டும் என்று கேட்பதும், எங்களை ஏன் இப்படி விட்டாய் என்று சாமியிடம் கேட்பதும் அவர்களுக்கு ஒன்றோடொன்று மோதவில்லை.

காசிமேட்டில் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26 காலையில் கடலில் பால் ஊற்றிப் பூத்தூவுவார்கள். கிறிஸ்தவ அடக்க ஆராதனைகளில் பெரும்பாலும் விவிலியத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தின் 21ஆம் அதிகாரம் வாசிக்கப்படும். இனி மரணமுமில்லை, துக்கமுமில்லை என்று வரும் பகுதி. அதன் முதல் வசனம் புதிய வானத்தையும் புதிய பூமியையும் சொல்லிவிட்டு ‘சமுத்திரமும் இல்லாமற்போயிற்று’ என்று முடிகிறது. எழுதியவருக்குக் கடல் குழப்பத்தின் அடையாளம், பகைவர் வரும் வழி, தீவில் சிறைவைக்கும் சுவர் என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். கடலில் கணவனைக் கொடுத்தவள் அந்த வசனத்தைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். பக்கத்தில் நிற்கும் அவள் மகனுக்கு மறுநாள் விடியலில் படகு ஏற வேண்டும். சமுத்திரம் இல்லாத அந்தப் புதிய பூமியில் தனக்கு என்ன தொழில் என்று அவன் போதகரிடம் கேட்பதில்லை.